ராக் இசைக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

கேள்வி இதுதான்: ஹிப்-ஹாப்பும் கே-பாப்பும் உலகத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு ராக் இசைக்கு என்ன மிச்சம்? ஐம்பதைத் தாண்டியவர்கள் பழைய டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கேட்கிற சங்கதியாக அது ஆகிவிட்டதா?

சுருக்கமாகச் சொன்னால், முதலிடம் போய்விட்டது. அது திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு இசை பட்டியலில் உச்சத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, மக்களுக்கு அது ஏதாவது செய்கிறதா என்பது இன்னொரு கேள்வி. ராக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது இன்னும் உயிரோடு இருக்கிற இடங்கள் லண்டன், நியூயார்க் பத்திரிகைகள் வழக்கமாகப் பார்க்கிற திசையிலும் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) இரண்டும் சேர்ந்த பிரிவு, விற்பனையும் கேட்பும் சேர்ந்த கணக்கில் ராக்கை முதல்முறையாக முந்தியது 2017இல். நீல்சன் நிறுவனத்தின் கணக்கு அது. ராக்குக்கு இரங்கல் எழுதுகிறவர்கள் இன்றுவரை இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் எண்ணும் முறைக்கும் ஒரு கதை உண்டு. 1991 வரை அமெரிக்காவின் பில்போர்டு இசைப் பத்திரிகை இசைத்தட்டுக் கடைகளுக்கு ஃபோன் போட்டு, எது நன்றாகப் போகிறது என்று கேட்டுத்தான் ஆல்பம் பட்டியல் போட்டது. கடைக்காரர் வாயில் வந்ததுதான் தரவரிசை. அந்த வருஷம் மே மாதம் பார்கோடை ஸ்கேன் செய்து எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்தில் நின்றது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனை இறக்கிவிட்டு நிர்வானா என்ற ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' அங்கே ஏறியது. ராக்கின் கடைசிப் பெரிய அலையும், பின்னால் அதை முந்தப்போகிற ஹிப்-ஹாப்பும் ஒரே சமயத்தில், ஒரே கணக்கு மாற்றத்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்தன. அதற்கு முன்னால் ராக் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதிலேயே கொஞ்சம் கடைக்காரர்களின் ரசனை கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்ட்ரீமிங் வந்ததும் கணக்கு மறுபடி மாறியது. முன்பு ஒரு ஆல்பத்தை ஒருமுறை வாங்கினால் ஒன்று என்று எண்ணுவார்கள். வாங்கியவர் அதை இருபது வருஷம் தேயத் தேயக் கேட்டாலும் கணக்கில் ஏறாது. இப்போது ஒவ்வொரு முறை கேட்பதும் ஏறுகிறது. அதனால் பழைய பாட்டுகள் திடீரென்று பெரிய ஆட்களாகிவிட்டன. அமெரிக்காவில் மக்கள் கேட்கிற இசையில் 70 சதவீதத்துக்கு மேல் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வந்த பாட்டுகள்தான். அந்தக் கூட்டத்தில் ராக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1977இல் வந்த ஃப்ளீட்வுட் மேக் ஆல்பம் 'ரூமர்ஸ்' இன்னும் பில்போர்டு 200 என்ற ஆல்பம் பட்டியலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. 2020இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே பழச்சாறு குடிக்கிற டிக்டாக் வீடியோவின் பின்னணியில் அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டு ஓடியது. 43 வருஷம் கழித்து அந்தப் பாட்டு மறுபடி பில்போர்டின் ஹாட் 100 என்ற பாட்டுப் பட்டியலுக்கு வந்துவிட்டது. 2022இல் ஒரு நெட்ஃப்ளிக்ஸ் தொடரின் கடைசி அத்தியாயத்தில் வந்ததால், மெட்டாலிகாவின் 1986ஆம் வருஷத்துப் பாட்டு 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பட்டியலில் நுழைந்தது.

இதையெல்லாம் வைத்து 'பார்த்தீர்களா, ராக் உயிரோடுதான் இருக்கிறது' என்று சிலர் துள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய பாட்டு திரும்பத் திரும்ப ஓடுவது அந்தப் பாட்டின் பலம். அந்த இசை இன்றும் புதிதாக எதையாவது செய்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

முதலிடம் ஏன் போனது என்பதற்கு நான் கேட்கிற வழக்கமான பதில் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை'. இது சோம்பேறித்தனமான பதில். காரணம் காசில் இருக்கிறது. 1950களில் ராக் அண்ட் ரோல் கிளம்பியபோது அதுதான் மலிவான இசை. அதற்கு முன்னால் ஒரு நடன அரங்கை ஒலியால் நிரப்ப வேண்டுமென்றால் பதினைந்து பேர் கொண்ட வாத்தியக் குழு வேண்டும். எலக்ட்ரிக் கிடாரும் அதன் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்பும் வந்ததும் நாலு பையன்கள் அதே அரங்கை அதிர வைத்தார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் 1954இல் வந்தது. எல்விஸ் மெம்ஃபிஸில் சன் ரெக்கார்ட்ஸுக்காக முதல் தட்டைப் பதிவு செய்ததும் அதே வருஷம். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கொஞ்சம் காசும் இருந்தது. குறைந்த ஆள், குறைந்த செலவு, நிறைய சத்தம். அதுதான் அன்றைய கணக்கு.

இன்று அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு லேப்டாப், ஒரு மைக், படுக்கையறை இருந்தால் பாட்டு தயார். நாலு பேர் கொண்ட பேண்டுக்கு ஒத்திகை அறை வேண்டும், வண்டி வேண்டும், வருகிற பணத்தை நாலாகப் பிரிக்க வேண்டும். டிரம்ஸ் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், சென்னை அபார்ட்மென்ட்டில் என்றால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவே கொந்தளிக்கும். 1975இல் பிறந்தநாளுக்குக் கிடார் கேட்ட அதே வகைப் பையன் இன்று பீட் போடும் மென்பொருளை இறக்கிக்கொள்கிறான். அவன் ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை. கையில் கிடைத்த மலிவான கருவியை எடுத்துக்கொள்கிறான், ராக் முன்னோடி சக் பெர்ரி காலத்துப் பையன் செய்ததும் அதுதான்.

இதோடு சேர்த்துச் சிறிய அரங்குகளின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பீட்டில்ஸ் பேர் வாங்கியது பெரிய மேடைகளில், தொழில் கற்றது 1960 முதல் 1962 வரை ஹாம்பர்க்கின் மட்டமான இரவு விடுதிகளிலும் லிவர்பூலின் கேவர்ன் நிலவறையிலும். ராத்திரி பூராவும் வாசித்து, குடித்துவிட்டுக் கத்துகிறவர்களைச் சமாளித்துத்தான் அவர்கள் ஒரு குழுவானார்கள். அந்த மாதிரி இடங்கள் பிரிட்டனில் 2023ஆம் வருஷம் மட்டும் 125 போய்விட்டன என்று மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கணக்கு வைத்திருக்கிறது. வாடகை ஏற்றம், மின்கட்டணம், பக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்புகளின் புகார் என்று காரணங்கள் பல. கோல்ட்ப்ளே தன் 2025 பிரிட்டன் கச்சேரிகளின் வருமானத்தில் 10 சதவீதத்தை அந்த அறக்கட்டளைக்குத் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஸ்டேடியத்தில் வாசிக்கிறவர்கள் நன்கொடை கொடுத்து நாற்றங்காலைக் காப்பாற்ற வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

கிடார் விற்பனை பற்றி ஒரு வதந்தியையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். 2018இல் கிடார் செய்கிற கிப்சன் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது 'கிடார் வாங்க ஆளில்லை' என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். உண்மையில் அது மூழ்கியது ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் முதலான வீட்டு எலக்ட்ரானிக்ஸ் தொழிலைக் கடன் வாங்கிப் பிடித்ததால். இரண்டு வருஷம் கழித்து, ஊரடங்கின்போது, ஃபெண்டர் தன் சரித்திரத்திலேயே அதிகமாக விற்றது. புதிதாகக் கிடார் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று அதே ஃபெண்டரின் 2018 ஆய்வு சொன்னது. இது என்னைப் பொறுத்தவரை எல்லாப் பட்டியல்களையும்விட முக்கியமான செய்தி. அறுபது வருஷமாக ஆண்பிள்ளைச் சங்கமாக இருந்த ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது.

அதன் விளைவு மேலேயும் தெரிகிறது. பாப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ 2021இல் ஹாட் 100 முதலிடம் பிடித்த 'குட் ஃபார் யூ' சுத்தமான பாப்-பங்க். பாரமோர் என்ற ராக் குழுவின் பாட்டோடு ஒற்றுமை இருந்ததால் அதை எழுதிய ஹேலி வில்லியம்ஸுக்கும் ஜோஷ் ஃபாரோவுக்கும் இணை ஆசிரியர் என்று பேர் சேர்த்தார்கள். 2025இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் கடைசி நாளின் தலைமைக் கச்சேரி ரோட்ரிகோவுடையது. அங்கே தி க்யூர் என்ற பழைய ராக் குழுவின் ராபர்ட் ஸ்மித்தை மேடைக்கு அழைத்து அவர் பாட்டுகளைச் சேர்ந்து பாடினார். கீழே நின்ற பதினேழு வயதுப் பெண்ணைக் கேட்டால் 'நான் ராக் ரசிகை' என்று சொல்லமாட்டாள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஊரிலும் அப்படித்தான். ஹீரோ நடந்து வரும்போது பின்னால் உறுமுகிற டிஸ்டார்ஷன் கிடாரும் டபுள் பேஸ் டிரம்மும் எங்கிருந்து வந்தன என்று விசிலடிக்கிறவர் யோசிப்பதில்லை. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழு வைத்திருந்தவர் என்பது இன்று பலருக்கு வினாடி வினாக் கேள்வி.

ஆக, ராக்கின் ஒலி எங்கும் போகவில்லை. பேரை விட்டுவிட்டு மற்ற இசைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய ரசிகர்களுக்கு இது வயிற்றெரிச்சல். அவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு, ஏனென்றால் இந்தக் கூட்டத்துக்கு வேலி போடுகிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. 1979 ஜூலையில் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் ஒரு ராக் வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடி வைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளை செய்ததில் அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே பறிபோனது. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், ஓரினச்சேர்க்கையாளர் கிளப்புகளில் வளர்ந்த இசை என்பதை மறந்துவிட்டு இதை வெறும் கேலி என்று சொல்ல முடியாது. அதைவிட வேடிக்கை, ராக்கே கறுப்பின மக்களின் சொத்து. 1940களிலேயே தேவாலயப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிடாரை முழக்கிய கறுப்பினப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பேர் ஏறியது 2018இல். ராப் பாடகர்களான ஜே-இசட்டையும் எமினெமையும் அங்கே ஏன் சேர்த்தார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இந்தத் தாமதத்துக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மெட்டாலிகா விஷயத்தில், நெட்ஃப்ளிக்ஸ் பார்த்துவிட்டு வந்த புது ரசிகர்களைப் பழையவர்கள் எள்ளியபோது, அந்தக் குழுவே 'எல்லோரும் வரலாம்' என்று பதில் போட்டது.

ராக்கைக் கெடுக்கிறது என்று நான் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமென்றால் ஹிப்-ஹாப்பைச் சொல்ல மாட்டேன், ஏக்கத்தை விற்கிற வியாபாரத்தைச் சொல்வேன். பாப் டிலன் 2020இல் தன் பாட்டுகளின் உரிமையை யுனிவர்சலுக்கு விற்றார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அடுத்த வருஷம் சோனிக்கு விற்றார். முதலீட்டாளர்களுக்கு இது வீட்டு மனை மாதிரி, வருஷா வருஷம் வாடகை வரும். அப்படி வாங்கியவர்கள் பழைய பாட்டை எல்லா விளம்பரத்திலும் படத்திலும் தள்ளத்தான் செய்வார்கள். புதுக் குழுவைத் தள்ளுவதில் அவர்களுக்கு என்ன லாபம்? ஓயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் சகோதரர்கள் பதினைந்து வருஷச் சண்டைக்குப் பிறகு சேர்வதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தபோது, வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் கண் முன்னால் சுமார் 150 பவுண்ட் டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டியது. பிரிட்டன் அரசின் போட்டி ஆணையம் விசாரணையே தொடங்கியது. வேலையில்லாத மான்செஸ்டர் பையன்களின் திமிராக ஆரம்பித்த இசை அது.

2025 பிப்ரவரியின் கிராமி இரவும் அப்படித்தான். சிறந்த ராக் நிகழ்த்தலுக்கான விருது பீட்டில்ஸுக்கு. 1970இல் பிரிந்த குழு! ஜான் லெனன் 1970களின் இறுதியில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்ததிலிருந்து கணினியால் குரலைப் பிரித்தெடுத்து 2023இல் முடித்த பாட்டு அது. சிறந்த ராக் ஆல்பம் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு, 1962இல் தொடங்கிய குழுவுக்கு. அன்று பால் மெக்கார்ட்னிக்கு 82, மிக் ஜாகருக்கு 81. இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன என்பது வேறு விஷயம். பரிசு கொடுக்கிறவர்களுக்கு எண்பது வயதுக்குக் கீழே யாரும் கண்ணில் படவில்லை என்றால் குறை ராக்கிலா, பரிசு கொடுக்கிறவர்களிலா? அதே வருஷம் மே மாதத்தில் முகமூடி போட்ட இரண்டு குழுக்கள், சுவீடனின் கோஸ்டும் லண்டனின் ஸ்லீப் டோக்கனும், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தன. நம்மில் எத்தனை பேருக்கு அது செய்தியாக வந்து சேர்ந்தது?

ஒரே ஒரு பழைய ஆட்களின் கச்சேரிக்கு மட்டும் விலக்கு தருவேன். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் கடைசி நிகழ்ச்சி. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். 17 நாள் கழித்து இறந்தார். அந்த மைதானம் இருக்கிற ஆஸ்டன் பகுதியில்தான் அவர் வளர்ந்தார். குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், எந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். வலி குறையட்டும் என்று மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். இன்று உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்று கேட்கிற அந்தத் தடித்த, இருண்ட ஒலியில் ஒரு தொழிலாளியின் காயத்துக்குப் பங்கு உண்டு. அன்று மேடையில் மெட்டாலிகா முதல் கன்ஸ் அண்ட் ரோஸஸ் வரை அந்தக் கடனை அடைக்க வந்து நின்றார்கள்.

சரி, புதிதாக எங்கே அது வேலை செய்கிறது? இந்தோனேசியாவைப் பாருங்கள் என்பேன். அங்கே இந்த இசைக்கும் அரசுக்கும் நீண்ட வழக்கு. 1965இல் கோஸ் பெர்சௌடாரா என்ற சகோதரர்களின் குழு பீட்டில்ஸ் பாட்டுகளை வாசித்ததற்காகச் சிறைக்குப் போனது. மேற்கத்திய இசை நாட்டைக் கெடுக்கிறது என்பது அதிபர் சுகர்ணோவின் கருத்து. மூன்று மாதம் ஜகார்த்தா சிறையில் இருந்துவிட்டு வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டுக்கு மெட்டாலிகா ரசிகரான ஜோகோ விடோடோ அதிபரானார். 2013இல் அவர் ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹில்லோ கையெழுத்திட்ட பேஸ் கிடார் பரிசாக வந்தது. லஞ்சம் என்று ஆகிவிடக் கூடாதே என்று அதை ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தார், ஆணையம் அதை எடுத்துக்கொண்டது.

மேற்கு ஜாவாவின் காருட் பக்கத்துக் கிராமப் பள்ளியிலிருந்து 2014இல் மூன்று பெண்பிள்ளைகள் வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட் என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். மூவரும் ஹிஜாப் அணிந்தவர்கள். ஊரில் ஏச்சும் மிரட்டலும் வாங்கி, 2024இல் கிளாஸ்டன்பரி மேடை ஏறிய முதல் இந்தோனேசியக் குழு ஆனார்கள். 2025 பிப்ரவரியில் நடந்தது இன்னும் சூடான கதை. சுகதானி என்ற இரண்டு பேர் பங்க் குழு, எப்போதும் முகமூடியோடு வாசிப்பவர்கள், போலீசுக்கு எதற்கெல்லாம் மாமூல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பாட்டுப் போட்டிருந்தது. திடீரென்று ஒருநாள் இருவரும் முகமூடி இல்லாமல் வீடியோவில் வந்து போலீசிடம் மன்னிப்புக் கேட்டு, பாட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதுவரை பங்க் ரசிகர்கள் மட்டும் அறிந்த பாட்டு மறுநாளே தெருவுக்கு வந்துவிட்டது. அரசின் செலவுக் குறைப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் அதைத்தான் பாடினார்கள். போலீஸ் தலைவர், சங்கடத்தைச் சமாளிக்க, அவர்களைக் காவல்துறைத் தூதர்களாக்கலாம் என்றார். குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பெலாரஸிலும் இப்படி ஒன்று. 2020 தேர்தல் சமயத்தில் மின்ஸ்கில் அரசு ஏற்பாடு செய்த விழாவில், இரண்டு ஒலிக் கலைஞர்கள் சோவியத் காலத்து கினோ ராக் குழுவின் மாற்றம் கேட்கும் பாட்டைப் போட்டார்கள். பத்து நாள் காவல். பாடிய விக்டர் த்சோய் 1990லேயே இறந்துபோனவர்.

இந்த இடத்தில் ராக்குக்கு மட்டும் கிரீடம் வைக்க மாட்டேன். அதிகாரத்தை உரசுகிற வேலையை இன்று உலகில் அதிகம் செய்வது ராப்தான். ஈரானில் ராப் பாடகர் தூமாஜ் சாலிஹிக்கு 2024இல் மரண தண்டனையே விதித்தார்கள், பிறகு மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியபோது கானா, ராப், பறை, எலக்ட்ரிக் கிடார் எல்லாம் ஒரே மேடையில் இருந்தன. அதை யாரும் ராக் குழு என்று அழைப்பதில்லை. ஆனால் அந்தக் கிடாரை எடுத்துவிட்டு அந்தப் பாட்டுகளைக் கற்பனை செய்து பாருங்கள், ஆவேசத்தில் ஒரு பகுதி குறையும். இனி ராக் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: மேடையின் நடுவில் தனியாக நிற்காமல், மற்றவர்களோடு சேர்ந்து.

2025 ஜனவரியில் அகமதாபாத்தில் கோல்ட்ப்ளேவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்ததைச் சொல்லி யாராவது மறுக்கலாம். கோல்ட்ப்ளே ராக்கா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதி, ஊரே போகிறதே என்று போனது. அதில் தப்பும் இல்லை. ஆனால் இந்தியாவில் ராக் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் டெல்லியின் பிளட்டிவுட் குழு மெட்டலோடு பஞ்சாபி டோல் மேளத்தைக் கலந்து ஐரோப்பிய விழாக்களில் வாங்குகிற வரவேற்பைப் பாருங்கள், பெங்களூரின் அகம் குழு கர்நாடகக் கிருதிகளை ப்ரோக்ரெசிவ் ராக்கில் வாசிப்பதைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். பால்டிமோரின் டர்ன்ஸ்டைல், டப்ளினின் ஃபொன்டெய்ன்ஸ் டி.சி. என்ற குழுக்களையும் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் இருநூறு பேர் கொள்கிற அரங்கில், ஆம்ப்புக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது.